மாட்டை எங்கே கட்டுவது? போருக்கு நடுவே ஒரு வேளாண் கல்லூரி

கேள்வி இதுதான்: போர் மூண்டால் மற்ற கல்லூரிகள் புத்தகத்தை மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊரில் போய் வகுப்பைத் தொடரலாம். வயல், மாட்டுப் பண்ணை, விதைக் களஞ்சியம் என்று இருக்கும் வேளாண் கல்லூரி என்ன செய்யும்? யாராவது அப்படி நடத்திக் காட்டியிருக்கிறார்களா?

நடத்தியிருக்கிறார்கள். நம்மில் பலருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம்தான் முதலில் நினைவுக்கு வரும். 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்த பிறகு கிளிநொச்சிக்கே திரும்பிய பீடம் அது. அந்தக் கதையை அங்கே படித்தவர்களும் படிப்பித்தவர்களும் சொல்வதுதான் முறை. நான் சீனாவை எடுத்துக்கொள்கிறேன். 1937இல் ஜப்பான் படையெடுத்தபோது கிழக்குச் சீனாவின் பல்கலைக்கழகங்கள் பலவும் மேற்கே மலைநாட்டுக்குக் குடிபெயர்ந்தன. அவற்றோடு வேளாண் கல்லூரிகளும் போயின. எட்டு ஆண்டுப் போரில் அவை எப்படி ஓடின என்பதற்கு நல்ல சாட்சியங்கள் இருக்கின்றன.

முதலில் சிக்கல் எங்கே என்று பார்த்துவிடுவோம். இயற்பியல் வகுப்பை மூன்று மாதம் நிறுத்திவிட்டு, விட்ட பக்கத்திலிருந்து தொடரலாம். பயிர்ப் பெருக்கம் செய்பவர் ஒரு விதைப்புப் பருவத்தைத் தவறவிட்டால் ஓராண்டு போச்சு. இரண்டு மூன்று பருவம் தொடர்ந்து தவறினால் விதையின் முளைப்புத்திறன் இறங்கும். பத்தாண்டாகத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த வரிசைகள், அதாவது தனித்தனி விதை வழிகள், அதோடு தொலையும். பால்மாட்டை தினம் இரண்டு வேளை கறந்தாக வேண்டும். விமானத் தாக்குதல் எச்சரிக்கை ஒலிக்கிறது என்று ஒரு நாள் கறக்காமல் விட்டால் மடிவீக்க நோய் வரலாம். இவை எதுவும் போர்நிறுத்தம் வரட்டும் என்று காத்திருக்காது. ஆகவே, போர்க்காலத்தில் வேளாண் கல்லூரியின் முதல்வர் எடுக்கும் எந்த முடிவும் நாள்காட்டியோடு செய்யும் பேரம்தான்.

நான்ஜிங் அன்று சீனாவின் தலைநகர். அங்கிருந்த தேசிய மத்தியப் பல்கலைக்கழகத்தின் தலைவர் லுவோ ஜியாலுன். வரலாறு படித்தவர், வேளாண்மைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரு காரியத்தை முன்கூட்டியே செய்து வைத்தார். வட சீனாவின் நிலவரத்தைப் பார்த்து, போர் தொடங்குவதற்கு முன்பே 550 பெரிய மரப்பெட்டிகளை உள்ளே தகரம் அடித்துச் செய்து வைக்கச் சொன்னார். எதற்கு இந்த வீண்செலவு என்று அப்போது எத்தனை பேர் முணுமுணுத்திருப்பார்களோ! 1937 ஆகஸ்டில் வளாகத்தின் மேலேயே குண்டு விழ ஆரம்பித்தபோது அந்தப் பெட்டிகள் தயாராக நின்றன. யாங்சி ஆற்றில் மின்ஷெங் கம்பெனியின் கப்பல்கள் மேற்கிலிருந்து படைவீரர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிக்கொண்டிருந்தன. அந்தத் திரும்புபயணத்தில் பல்கலைக்கழகச் சாமான்கள் ஏறின. விமானப் பொறியியல் துறையின் விமானங்கள், மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றுச் சடலங்கள்கூட ஏறின. சோங்சிங் நகரை அடுத்த ஷாபிங்பாவில், ஒரு சிறிய குன்றின் மேல், 42 நாளில் புதிய வளாகத்தைக் கட்டி நவம்பரிலேயே வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள்.

இது வரைக்கும் எந்தக் கல்லூரியும் செய்யக்கூடியது. வேளாண் கல்லூரிக்குரிய சங்கடம் கால்நடைப் பண்ணையில் வந்தது. ஹாலந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இங்கிலாந்து என்று வெளிநாடுகளிலிருந்து வரவழைத்த மாடு, பன்றி, கோழி, வாத்து எல்லாம் அங்கே இருந்தன. கப்பலில் அத்தனைக்கும் இடமில்லை. இனத்துக்கு ஒரு ஜோடி மட்டும் ஏற்றினார்கள். இதை நோவாவின் பேழை என்று புகழ்ந்து எழுதுகிறவர்கள் உண்டு. கால்நடை வளர்ப்பவர் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரியும். ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு மந்தையைப் பெருக்க முடியாது. இரண்டாம் தலைமுறையிலேயே உறவுக் கலப்பு வந்துவிடும். போர் முடிந்த பிறகு இப்படியெல்லாம் ஒரு இனம் இருந்தது என்று காட்டத்தான் அந்த ஜோடி உதவும். மந்தை மந்தையாகவே இருக்க வேண்டுமானால் மீதியும் வந்தாக வேண்டும்.

நான்ஜிங்கை விட்டுக் கிளம்பும்போது லுவோ பண்ணை ஆட்களிடம் சொன்னது: எதிரி நெருங்கினால், கொண்டுபோக முடிந்ததைக் கொண்டுபோங்கள்; முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், உங்களைக் குறை சொல்ல மாட்டோம். ஒரு நிர்வாகியாக அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான், சரியாகத்தான் சொன்னார். பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்த வாங் யூதிங் என்பவர் விடவில்லை. டிசம்பர் 13இல் நகரம் விழுந்தது. அதற்குச் சில நாள் முன்னால் அவரும் பண்ணைத் தொழிலாளர்கள் சிலரும் மரப்படகுகளை வாடகைக்குப் பிடித்து, மந்தையை ஆற்றைத் தாண்ட வைத்து, மேற்கே நடக்க ஆரம்பித்தார்கள். கோழியையும் வாத்தையும் கூண்டில் அடைத்து மாட்டின் முதுகில் கட்டினார்கள்.

அந்த நடையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஹாலந்து மாடு கொட்டிலில் நின்று தீனி தின்னப் பழகியது. நம் உம்பளாச்சேரி மாடு மாதிரி வண்டியில் பூட்டி நடக்கும் சாதி கிடையாது. கனத்த மடி தொடையில் உரசும், குளம்பு தேயும். பன்றி இன்னும் மோசம். வேர்த்துக் கொட்டிச் சூட்டைத் தணிக்க அதற்குத் தெரியாது, வெயிலில் ஓட்டினால் சுருண்டு விழும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து லீ, அதாவது ஐந்தாறு கிலோமீட்டர்; ஒன்றிரண்டு நாள் நடந்தால் மூன்று நான்கு நாள் ஓய்வு. ஆன்ஹுய், ஹெனான், ஹூபெய் என்று மூன்று மாகாணங்கள். பனிக்காலத்தில் நகர முடியாமல் நின்றார்கள். மொத்தத்தில் ஏறக்குறைய ஓராண்டு. பசுவின் சினைக்காலம் 280 நாள்தான். எனவே கிளம்பும்போது சினையாக இருந்தது நடுவழியில் ஈன்றாக வேண்டும், கறவை வற்றியாக வேண்டும், மறுபடி சினை பிடித்தாக வேண்டும். பண்ணையின் ஒரு முழுச் சுற்று சாலையிலேயே ஓடி முடிந்தது. பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போது ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது என்று கையைக் கட்டிக்கொள்ளக் கால்நடை தெரிந்த ஆளால்தான் முடியும். வேறு யாராக இருந்தாலும் விரட்டியிருப்பார்கள், பாதி மந்தை முதல் வாரத்திலேயே படுத்திருக்கும்.

1938இன் கடைசியில் ஒரு அந்திப்பொழுது, லுவோ ஷாபிங்பாவிலிருந்து காரில் நகருக்குப் போய்க்கொண்டிருந்தார். எதிரே வரும் மாடுகள் நம் பல்கலைக்கழகத்து மாடுகள் போலிருக்கின்றன என்றார் ஓட்டுநர்; மாடுகளை வைத்து அல்ல, ஓட்டி வந்த ஆட்களை அவருக்குத் தெரியும். இறங்கிப் பார்த்தால் வாங் யூதிங்கும் மூன்று தொழிலாளர்களும், தலைமுடியும் தாடியும் அலைந்துபோய். அந்நிய ஊரில் சொந்த ஊர்க்காரர்களைக் கண்டதுபோல இருந்தது, மாடுகளைப் போய்க் கட்டிக்கொள்ளலாமா என்று தோன்றியது என்று லுவோ பிறகு எழுதினார். இந்தக் கதை சொல்லச் சொல்ல மாடுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். நேரில் பார்த்தவர் எழுதிய இந்த இடத்தோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

தியான்ஜினில் இருந்த நான்காய் பல்கலைக்கழகத்தை 1937 ஜூலையிலேயே ஜப்பானியர்கள் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். கோழி நாய்கூட மிச்சமில்லாமல் என்று சீனத்தில் ஒரு வழக்கு உண்டு. பூண்டோடு அழிந்தது என்று நாம் சொல்கிற மாதிரி. நான்காய் தலைவர் ஜாங் போலிங் அதை வைத்துச் சொன்ன கசப்பான நகைச்சுவை இன்னும் அங்கே புழங்குகிறது: இரண்டு பல்கலைக்கழகங்களில் கோழி நாய்கூட மிச்சமில்லை. எங்களுடையதில் எல்லாம் செத்துப்போயின. மத்தியப் பல்கலைக்கழகத்தில் எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மாட்டுக் கதைக்குக் கிடைத்த புகழ் கோதுமைக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான், ஏனென்றால் வயிற்றை நிரப்பியது கோதுமை. அதே கல்லூரியின் பேராசிரியர் ஜின் ஷான்பாவ், 1930களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்த மென்தானா என்ற இத்தாலியக் கோதுமையைச் சோதித்துக்கொண்டிருந்தார். நசரேனோ ஸ்திராம்பெல்லி உருவாக்கிய ரகம் அது. சீக்கிரம் விளையும், தண்டு சாயாது, மஞ்சள் துரு நோயைத் தாங்கும். போருக்கு நடுவே ஜின் அந்தத் தேர்வை ஷாபிங்பாவின் மேட்டு நிலத்தில் தொடர்ந்தார். 1942 வாக்கில் மத்தியப் பல்கலைக்கழகம் 2419 என்ற பெயரில் அது சிச்சுவான் விவசாயிகளிடம் போனது. 1949க்குப் பிறகு நான்ஜிங் பல்கலைக்கழகம் 2419 என்று பெயர் மாறி, உச்சத்தில் ஏழு கோடி மூ நிலத்தில் விளைந்தது. நம் கணக்கில் ஒரு கோடி ஏக்கருக்கும் மேல். நான்ஜிங்கைவிட்டு ஓடும்போது பெட்டியில் இதற்கு எவ்வளவு இடம் பிடித்திருக்கும்? விதை உறைகள் கொஞ்சமும் ஒரு பதிவுக் குறிப்பேடும்தானே. போர்க்காலத்தில் வேளாண் கல்லூரி எதை முதலில் தூக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் விதையையும் அந்தக் குறிப்பேட்டையும்தான் சொல்வேன். எந்த உறையில் எந்த வரிசை என்று தெரியாத விதை, வெறும் தானியம்.

இனி ஜெஜியாங் பல்கலைக்கழகம். நிர்வாகம் என்ற கோணத்தில் இதுதான் கற்றுக்கொள்ள ஏற்றது. தலைவர் ஜூ கெஜென், வானிலை அறிஞர். 1937 நவம்பரில் ஹாங்ஜோவைவிட்டுக் கிளம்பினார்கள். ஜியாண்டே, பிறகு ஜியாங்சி மாகாணத்தின் தைஹே, பிறகு குவாங்சியின் யிஷான், கடைசியாக 1940இல் குய்ஜோ மாகாணத்தின் சுன்யி. ஒவ்வோர் ஊரிலும் போர்முனை நெருங்கும் வரை பாடம் நடத்தி, மறுபடி மூட்டை கட்டினார்கள்.

தைஹேயில் அவர்கள் இருந்தது சில மாதங்கள்தான். ஆனால் அங்கே ஆண்டுதோறும் வெள்ளம் வந்து கிராமங்களைக் கெடுப்பதைப் பார்த்து, ஊராரோடு சேர்ந்து ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு ஆற்றங்கரை கட்டினார்கள்; போர் அகதிகளைக் குடியமர்த்தத் தரிசைத் திருத்திப் பண்ணை ஒன்றும் தொடங்கினார்கள். இதில் வெறும் நல்லெண்ணம் மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. திடீரென்று நூற்றுக்கணக்கானவர்கள் வந்து இறங்கினால் ஊரில் அரிசி விலை ஏறும், வீட்டு வாடகை ஏறும். உள்ளூர்க்காரன் முகம் சுளிப்பான். கரை கட்டித் தருகிற கல்லூரிக்கு நிலமும் கோயில் மண்டபமும் கிடைக்கும். அதே தைஹேயில், 1938 கோடையில், சீதபேதி கண்டு ஜூவின் மனைவியும் ஒரு மகனும் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். மனிதர் வேலையை விடவில்லை. யிஷானில் மலேரியா, போதாததற்கு 1939 பிப்ரவரி 5இல் வளாகத்தின் மேல் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள்.

சுன்யிக்குப் போனதும் வேளாண் கல்லூரியையும் அறிவியல் கல்லூரியையும் அங்கிருந்து தள்ளி மெய்டான் என்ற சிற்றூரில் வைத்தார்கள். தண்ணீரும் வயலும் உள்ள ஊர் அது. மற்றத் துறைகளுக்குக் கூரை இருந்தால் போதும், வேளாண்மைக்கு மண் வேண்டும். வேளாண் கல்லூரித் தலைவர் சாய் பாங்ஹுவா, பூச்சியியல்காரர். கன்ஃபூசியஸ் கோயிலில் அலுவலகமும் நூலகமும் வைத்தார்கள். மின்சாரம் கிடையாது, ராத்திரி படிப்பெல்லாம் துங் எண்ணெய் விளக்கில். 1946 வரை, ஏறத்தாழ ஏழு ஆண்டு.

இங்கேதான் ஒரு நல்ல முடிவு எடுத்தார்கள். ஹாங்ஜோவில் செய்த ஆய்வை அப்படியே குய்ஜோவில் செய்யப் பார்க்கவில்லை. கருவி இல்லை, ரசாயனம் இல்லை. ஆகவே சுற்றுமுற்றும் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். மலையில் முள்ளுச் செடி ஒன்று, ஊர்ப்பிள்ளைகள் பறித்துத் தின்னும் ஒருவகைக் காட்டு ரோஜாக் கனி. கல்லூரிப் பேராசிரியர் லுவோ டெங்யி அதைச் சோதித்து, அதில் வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு இருப்பதைக் காட்டினார். இன்று குய்ஜோவில் அந்தக் கனியின் சாறு பெரிய வியாபாரம். மலைக்காடுகளில் அசுவினிப் பூச்சி இலையில் உண்டாக்கும் ஒருவகைக் காயிலிருந்து டானின் எடுப்பார்கள், தோல் பதனிடவும் சாயத்துக்கும் வேண்டிய ஏற்றுமதிச் சரக்கு. சாய் பாங்ஹுவாவும் அவருடைய இளம் சகா ஒருவரும் அந்தப் பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைத் தேடிப் போனார்கள். அரசின் தேயிலைச் சோதனைப் பண்ணையும் அதே மெய்டானில்தான் தொடங்கியது. அதன் இயக்குநர் லியூ கன்ஜி கல்லூரியிலும் பாடம் எடுத்தார். இரண்டு நிறுவனத்துக்கு ஒரே ஆள், ஒரே ஆய்வகம் என்றால் போர்க்காலத்தில் அது பெரிய மிச்சம். ஹாங்ஜோப் பக்கத்து லோங்ஜிங் தேயிலையை வறுக்கும் முறை குய்ஜோ இலைக்கு வந்தது. மெய்டான் இன்று சீனாவின் பெரிய தேயிலை மாவட்டங்களில் ஒன்று.

பக்கத்திலேயே உயிரியல் துறையும் இருந்தது. மரபியல் அறிஞர் டான் ஜியாஜென் ஒரு குடும்பக் குலதெய்வ மண்டபத்தில் உட்கார்ந்து பொறிவண்டுகளைக் கலந்து வளர்த்தார். பொறிவண்டுக்கு வெளிநாட்டு உபகரணம் வேண்டாம், அசுவினி ஒட்டிய இலை போதும். ஒரு வண்டுக்கு முதுகின் முன்பக்கம் கறுப்பு, இன்னொன்றுக்குப் பின்பக்கம். இரண்டையும் சேர்த்தால் பிறக்கும் குட்டி வண்டில் இரண்டு இடத்திலும் கறுப்பு. எந்தப் பெற்றோரின் கறுப்பும் மறையவில்லை. 1946இல் அமெரிக்க மரபியல் இதழில் வெளிவந்த அந்தக் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 1944இல் பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜோசப் நீடம் மெய்டானுக்கு வந்தபோது பார்த்தது இதையெல்லாம்தான். முதலாண்டு மாணவர்களை அதே வட்டாரத்தின் யோங்சிங் என்ற சந்தை ஊரில் வைத்திருந்தார்கள். 1943இல் அங்கே சேர்ந்த ஒரு பையன் ட்சுங் டாவ் லீ. 1957இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கினார்.

சரி, பணம்? அதுதான் அன்றாடத் தலைவலி. எதிரி கைப்பற்றிய பகுதிகளிலிருந்து வந்த மாணவர்களுக்கு வீட்டிலிருந்து ஒரு காசு வர வழியில்லை. கல்வி அமைச்சகம் கடனாக உதவித்தொகை கொடுத்தது. விலைவாசி ஏற ஏற அந்தத் தொகைக்கு அரிசி வாங்குவதே பாடாகிவிட்டது. பேராசிரியர் சம்பளமும் அப்படித்தான் கரைந்தது. கணிதப் பேராசிரியர் சு புச்சிங் மெய்டானில் தரிசு ஒன்றைக் கொத்திக் காய்கறி போட்டார். வடிவ கணிதத்தில் உலகப் பெயர் வாங்கியவர் மாலையில் தண்ணீர் வாளி சுமந்தார்.

இன்னொரு விவாதமும் ஓடியது, இது எந்தப் போருக்கும் பொருந்தும். நாடு எரியும்போது மாணவன் வகுப்பில் உட்காரலாமா, போர்முனைக்குப் போக வேண்டாமா, குறைந்தபட்சம் பாடத்திட்டத்தையாவது போருக்கு ஏற்றபடி மாற்ற வேண்டாமா? 1939இல் சியாங் கை-ஷேக் அரசு எடுத்த நிலை, போர்க்காலத்தையும் சமாதான காலம்போலவே நடத்து என்பது. அதைக் கோழைத்தனம் என்று திட்டியவர்கள் உண்டு. ஆனால் வேளாண்மையைப் பொறுத்தவரை எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. ஆறு மாதப் போர்க்காலப் பயிற்சி முடித்தவரால் உரம் விநியோகிக்க முடியும். 2419 மாதிரி ஒரு ரகத்தைக் கடைசி வரை கொண்டுபோக முடியாது.

நகர முடியாதவர்கள் என்ன ஆனார்கள் என்றும் கேட்கலாம். அதற்கு ரஷ்யாவின் லெனின்கிராடு, இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க். தாவர அறிவியலாளர் வாவிலோவ் உருவாக்கிய பயிர் நிறுவனம் கல்லூரி அல்ல, ஆனாலும் பாடம் ஒன்றுதான். 1941 முதல் 1944 வரை ஜெர்மானியப் படையின் நீண்ட முற்றுகையில், டன் கணக்கில் விதை இருந்த கட்டடத்துக்குள்ளேயே ஊழியர்கள் பசியில் இறந்தார்கள். நெல் பொறுப்பாளர் திமித்ரி இவானோவ் அவர்களில் ஒருவர். தியாகக் கதையாகவே இதைச் சொல்லிச் சொல்லி, அதிலிருந்த தொழில்நுட்பச் சிக்கலை மறந்துவிட்டோம். தானியத்தைத் தகரப் பெட்டியில் பூட்டி எலியிடமிருந்து காத்தால் சில ஆண்டு தாங்கும். உருளைக்கிழங்கைப் பூட்டி வைக்க முடியாது. கிழங்கு உறையாமல் இருக்க வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் நட்டாக வேண்டும். நகருக்கு வெளியே பாவ்லோவ்ஸ்க் வயலிலிருந்து பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே கிழங்கைத் தோண்டி எடுத்து வந்து, உறையாமல் அடுப்பெரித்துக் காத்து, வசந்தத்தில் மறுபடி நட்டார்கள். நம் ஊரில் கரும்பு, வாழை, மரவள்ளி, மஞ்சள் இதே வகைதான்.

இப்போதைய நிலை கொஞ்சம் மேல். சிரியாவின் அலெப்போ அருகே இருந்த சர்வதேச வறண்டநில வேளாண் ஆய்வு மையம், விதைகளின் பிரதிகளை நார்வேயின் ஸ்வால்பார்டு விதைக் களஞ்சியத்துக்கு முன்பே அனுப்பியிருந்தது. உள்நாட்டுப் போரில் வளாகம் கைவிட்டுப் போனபோது, 2015இல் அங்கிருந்து விதையைத் திரும்ப எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். ஸ்வால்பார்டிலிருந்து முதல்முறை விதை வெளியே வந்தது அப்போதுதான்.

கால்நடைக்கு அப்படி ஒரு பனிக்கிடங்கு இல்லை. உறைவிந்தும் கருவும் இருக்கின்றன, மந்தையை நடத்திக் கூட்டிப்போக வேண்டிய கட்டாயம் குறைந்துவிட்டது. ஆனால் அவை திரவ நைட்ரஜன் குடுவையில் இருப்பவை. நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அவ்வப்போது ஊற்றி நிரப்ப வேண்டும். அதைத் தயாரிக்கும் ஆலைக்கு மின்சாரம் வேண்டும், கொண்டுவர லாரியும் சாலையும் வேண்டும். கால்நடைத் துறை உள்ள எந்தக் கல்லூரியும், போர் என்றில்லை, பெரிய புயலுக்கே, அந்த நைட்ரஜனுக்கு இரண்டாவது ஏற்பாடு ஒன்றை வைத்திருப்பது நல்லது.